குவாதலூப் போகிறோம், நாங்கள் இருவர் மட்டும்: மலையா, கடலா?

சேன்நதிக்கரை

வணக்கம் உறவுகளே. பெப்ரவரியில் பாரீஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து கரீபியன் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு டிக்கெட் போட்டாயிற்று. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாங்கள் இருவர் மட்டும் போகிறோம். பிரச்சினை என்னவென்றால் மனைவிக்கு மலை, காடு, அருவி, நடை. எனக்கு இளஞ்சூட்டுக் கடல், ஒரு மரநிழல், யாரும் எழுப்பாத மத்தியானம். அவருக்கு நீச்சல் தெரியாது, எனக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு. அங்கே கோசியே என்கிற ஊர்ப் பக்கம் சாப்பாடும் குடியும் சேர்த்துக் காசு வாங்கும் ஓட்டல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அங்கேயே தங்கி, ஒன்றிரண்டு இடத்துக்குச் சுற்றுலா பஸ்ஸில் போய் வரலாம் என்பது என் யோசனை. அதற்கு எதற்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும் என்கிறார் அவர். போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். கார் ஓட்டுவேன்.

காரைக்கால் காற்று

தம்பி, வேலை நிமித்தம் பல வருடமாக இங்கேதான் குடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குவாதலூப் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் என்று எல்லாரும் சொல்வது சரிதான், ஆனால் இரண்டு சிறகும் இரண்டு ஜாதி. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: சுண்ணாம்புக்கல் பூமி, தட்டை, கரும்பு, வெள்ளை மணல். மேற்குச் சிறகு பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவி, கருமணல். நடுவில் உப்பாறு என்று ஒரு குறுகிய கால்வாய், அதன் மேல் பாலம். இந்தப் பாலத்தைச் சுற்றித்தான் புவாந்த்-ஆ-பீத்ர், ஜாரி தொழிற்பேட்டை, விமான நிலையம் எல்லாம். காலையிலும் வேலை விடுகிற நேரத்திலும் அந்த இடத்தைக் கடப்பது பாரீஸ் வட்டச்சாலையை விட மோசம்.

அதனால் கோசியேயில் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு தினமும் மேற்கே போய்வருகிறேன் என்றால் விடுமுறையில் பாதி காருக்குள் போய்விடும். தங்குவதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதி பாஸ்-தேரில், புயாந்த் அல்லது தேஏ பக்கம், தோட்டத்துக்குள் தனி மரவீடாக வாடகைக்குக் கிடைக்கும். இரண்டாம் பாதி கிராந்த்-தேரில், சான்த்-ஆன் அல்லது சான்-பிரான்சுவா. உங்கள் மனைவி கேட்டது முதலில், நீங்கள் கேட்டது பிறகு. கார் இல்லாமல் வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பினால் நடைதான். வண்டி இங்கேயும் வலப்பக்கம்தான் ஓடும், காசு யூரோ, போன் கணக்கும் பிரான்சில் இருப்பது போலவே வேலை செய்யும்.

இன்னொன்று, இங்கே ஆறு ஆறரைக்குள் இருட்டிவிடும், கோடைகால ஐரோப்பா மாதிரி பத்து மணி வரை வெளிச்சம் கிடையாது. நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

மணல்வீடு

காற்று அண்ணா சொல்வது வாஸ்தவம்தான், ஆனால் அவர் ஊர்க்காரர் மாதிரி பேசுகிறார். சேன்நதி, நீங்கள் போவது ஓய்வுக்கு. பெட்டியைக் கட்டி அவிழ்த்து, வீடு மாற்றி, மலைவளைவில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கா? சான்த்-ஆன் ஊர்க் கடற்கரையில் பவளத்திட்டு அலையைத் தடுத்து நிறுத்திவிடும், தண்ணீர் குளம் போல நிற்கும், இடுப்பளவு ஆழத்தில் வெகுதூரம் நடக்கலாம். நீச்சல் தெரியாத உங்கள் வீட்டம்மாவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பக்கத்திலேயே காரவெல் கடற்கரை, தென்னை சாய்ந்து நிற்கிற படம் எல்லாம் அங்கே எடுத்ததுதான். பெரிய விடுதி வளாகம் ஒன்று அந்தக் கரையை ஒட்டி இருக்கிறது, அதைப் பார்த்து நமக்கு இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். பிரெஞ்சுச் சட்டப்படி கடற்கரை எல்லாருக்கும் பொது, கரையோரப் பாதையில் நடந்து போகலாம்.

சாயங்காலம் தேங்காய் ஐஸ் விற்கும் அம்மாக்கள் மரத்தொட்டியில் ஐஸ்கட்டியும் உப்பும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு மணலில் உட்காருங்கள். ஜோடியாகப் போகிறவர்களுக்கு அவ்வளவு போதும், எரிமலையெல்லாம் எதற்கு.

மஞ்சள்குடை

எதற்கா? மணல்வீட்டுக்கு மலை என்றாலே அலர்ஜி, அவர் பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. :)

லா சூஃப்ரியேர் 1,467 மீட்டர், சின்ன அண்டிலிஸ் தீவுகளிலேயே உயரம். உயிருள்ள எரிமலை. 1976இல் குமுறியபோது 70,000க்கும் மேற்பட்ட மக்களை ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். நானும் கணவரும் ஏறியிருக்கிறோம், இருவருமே விளையாட்டு வீரர்கள் இல்லை. சான்-குளோத் ஊருக்கு மேலே பான் ஜோன் என்கிற இடம் வரை கார் போகும். அங்கிருந்து முதல் அரைமணி காட்டுக்குள் கல் பாவிய பாதை, இருபக்கமும் பெரணி, ஈரம் சொட்டும். அப்புறம் மரமே இருக்காது, பாசியும் குட்டைச் செடியும்தான், பாதை மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும். உச்சிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதியில் மட்டும் கையை ஊன்றிப் பாறையில் ஏற வேண்டியிருக்கும்.

உச்சியில் கந்தக வாடை, வெள்ளைப் புகை, பல்லைக் கிட்டும் குளிர்க்காற்று. கரீபியனில் போய் இப்படி நடுங்குவோம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? மழைக்கோட்டும் மாற்றுச் சட்டையும் கட்டாயம். மேலே வருடத்துக்கு 10 மீட்டர் அளவுக்கு மழை பெய்யும் என்பார்கள், உச்சி முக்கால்வாசி நாள் மேகத்துக்குள்தான். வாயு அதிகமாக வரும் பள்ளங்களின் பக்கம் போக அரசுத் தடை உண்டு, கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள், ஆஸ்துமா இருந்தால் உச்சியே வேண்டாம். இறங்கி வந்ததும் பான் ஜோனில் எரிமலைச் சூட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் நிற்கும் தொட்டி இருக்கிறது, காசு கிடையாது. சேற்றுக் காலோடு இரண்டு பேரும் அதில் இறங்கி உட்காரும்போது தெரியும் எதற்கு ஏறினோம் என்று.

முழங்கால் தகராறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்கும்போது ஈரக்கல்தான் சோதிக்கும். ஊன்றுகோல் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் பாதி வழியில் மரங்கள் முடிகிற இடம் வரை போய்த் திரும்பலாம், அங்கேயே காட்சி பிரமாதம்.

சேன்நதிக்கரை

மஞ்சள்குடை அக்கா, இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், இப்போது என் பக்கம் வாக்கு குறைந்துவிட்டது. அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: நீச்சல் தெரியாதவர் கடலாமையைப் பார்க்க வழி உண்டா? ஆமையைப் பார்க்காமல் திரும்பமாட்டாராம்.

காரைக்கால் காற்று

உண்டு, தாராளமாக. புயாந்துக்குப் பக்கத்தில் மலாந்தூர் கடற்கரை. மணல் கறுப்பாக இருக்கும், பார்த்தவுடன் முகம் சுளிக்காதீர்கள், சரக்கு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடற்புல் வளர்ந்திருக்கும், பச்சை ஆமைகள் அதை மேய வரும். மூச்சுவிட மேலே தலை நீட்டும், கரையில் நின்றாலே சில சமயம் தெரியும். எதிரே பீஜியோன் என்று இரண்டு குட்டித் தீவுகள், கடலடி ஆராய்ச்சிக்காரர் கூஸ்தோ பெயரில் வழங்கும் பாதுகாக்கப்பட்ட கடல்பகுதி அதுதான், அவருடைய மார்பளவுச் சிலை ஒன்றைக் கூடத் தண்ணீருக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு இரண்டு வழி. ஒன்று, கண்ணாடித் தரை போட்ட படகு, நனையாமல் பவளமும் மீனும் பார்க்கலாம். இரண்டாவது, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முகமூடியும் மூச்சுக்குழாயுமாக வழிகாட்டியோடு இறங்குவது. மிதவைச் சட்டை தாங்கிப் பிடிக்கும், ஆமைக்கு மேலே மிதந்துகொண்டே பார்க்க வேண்டியதுதான். தொடாதீர்கள், துரத்தாதீர்கள், மூச்சு வாங்க வருகிற வழியை மறிக்காதீர்கள்.

இருவர் கயாக் எடுத்துத் தீவுக்குத் துடுப்புப் போடலாம், ஒரு கிலோமீட்டர் அளவுதான். காலை எட்டு மணிக்கே எடுங்கள். பிற்பகல் காற்றுக்கு எதிராகத் திரும்பி வரும்போதுதான் புருஷன் பெண்டாட்டி சண்டை ஆரம்பமாகும், இங்கே அடிக்கடி பார்க்கிற காட்சி. அப்புறம் சாயங்காலம் புயாந்தில் எரிமலைச் சூட்டு ஊற்று கடலில் கலக்கிற இடத்தில் போய் உட்காருங்கள், ஒரு பக்கம் வெந்நீர், ஒரு பக்கம் கடல்நீர், எதிரே சூரியன் இறங்கும். அங்கே புவிவெப்ப மின்நிலையமே ஓடுகிறது.

பனிக்காலப் பறவை

மொன்ரியலிலிருந்து எழுதுகிறேன், நாங்களும் ஒரு குளிர்காலத்தில் போனோம். யாரும் லே சாந்த் குட்டித் தீவுகளைப் பற்றிப் பேசவில்லையே? ஜோடியாகப் போகிறவர்களுக்கு இந்தத் தீவுக் கூட்டத்திலேயே நல்ல இடம் அது. த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து கப்பலில் இருபது இருபத்தைந்து நிமிடம், தேர்-த-ஓ என்கிற சின்னத் தீவு. சிவப்புக் கூரை வீடுகள், ஒரே ஒரு கடைத்தெரு, வளைந்த விரிகுடா. கார் கொண்டுபோகத் தேவையில்லை, ஸ்கூட்டரோ மின்சாரக் குட்டிவண்டியோ வாடகைக்கு எடுக்கலாம், நடந்தே கூடச் சுற்றிவிடலாம்.

நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான், அங்கே ஓர் இரவாவது தங்குங்கள். பகல் முழுக்கக் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், தெரு நிரம்பி வழியும். நாலு மணி வாக்கில் கடைசிக் கப்பல்கள் அவர்களை அள்ளிக்கொண்டு போனபிறகு ஊர் வேறு ஊராகிவிடும். மீனவர்கள் வலையைக் காயப்போடுவார்கள், பிள்ளைகள் சதுக்கத்தில் பந்து விளையாடுவார்கள், சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைக்கும். மறுநாள் முதல் கப்பல் வருவதற்கு முன்னால் பான் த சுக்ர் கடற்கரைக்குப் போய்விட்டால் அது உங்களுக்கே சொந்தம்.

நெப்போலியன் கோட்டை காலையில் மட்டும்தான் திறந்திருக்கும், மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள், மதியம் ஏறிப்போய் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். நெப்போலியன் அங்கே காலே வைத்ததில்லை, பெயர் மட்டும்தான். கோட்டைமதிலைச் சுற்றிக் கள்ளிச்செடித் தோட்டத்தில் உடும்பு போல இகுவானா வெயில் காயும், மேலிருந்து விரிகுடா முழுக்கத் தெரியும். 1782இல் இங்கிலாந்தும் பிரான்சும் பெரிய கடற்சண்டை போட்டது இந்தத் தீவுகளுக்கு எதிரேதான். உங்கள் மனைவிக்கு நடை வேண்டுமென்றால் ஷமோ குன்று 309 மீட்டர், தார் போட்ட பாதை, ஆனால் நல்ல செங்குத்து, நிழல் கிடையாது.

துறையில் இறங்கியதும் பெண்கள் கூடையில் சின்னப் பணியாரம் மாதிரி ஒன்று விற்பார்கள், தேங்காய்ப்பூரணம் வைத்தது. கடலுக்குப் போன கணவன் திரும்பி வரும்வரை தவித்துக்கொண்டு மனைவி சுட்டு வைத்தது என்று கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், சூடாக இருக்கும்போது வாங்குங்கள்.

மணல்வீடு

பறவை, ஓர் இரவு தங்க அங்கே கேட்கும் வாடகையைப் பார்த்தீர்களா? பெப்ரவரி உச்ச காலம், பிரான்சில் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். காலையில் போய் மாலையில் வந்தால் போதும். அந்தக் காசுக்கு சான்-பிரான்சுவாவிலிருந்து கட்டமரான் என்கிற இரட்டையுடல் படகில் பெத்தித்-தேர் போய் வரலாம். ஆளே குடியில்லாத இரண்டு தீவு, நடுவில் கண்ணாடி மாதிரித் தண்ணீர், பழைய கலங்கரை விளக்கம், எங்கே பார்த்தாலும் இகுவானா, கரையோரம் சின்ன எலுமிச்சைச் சுறாக்கள் சுற்றும் (சீண்டாவிட்டால் பொதுவாக ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்). இயற்கைச் சரணாலயம் என்பதால் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுவார்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இடம் கிடைக்காது, இப்போதே எழுதிப் போடுங்கள்.

காரைக்கால் காற்று

பெத்தித்-தேர் நல்ல இடம்தான், மணல்வீடு சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டார். பெப்ரவரியில் கீழைக்காற்று பலமாக வீசும். சான்-பிரான்சுவாவிலிருந்து போகும்போது காற்றுக்கு எதிராகப் படகு குதித்துக்கொண்டுதான் போகும், பல பேர் காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாந்தி வரும் ஆள் என்றால் மாத்திரையை முன்னாலேயே போடுங்கள், இல்லையென்றால் அந்த நாளை வேறு இடத்துக்கு வையுங்கள். உள்கடலில் ஆடாமல் போக வேண்டுமானால் சான்த்-ரோஸிலிருந்து கிராண்ட் கூல்-த-சாக் பக்கம் படகு இருக்கிறது: அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து, பவளத்திட்டில் கொஞ்சம் நிறுத்தி, காரே என்கிற மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். நீச்சல் தெரியாதவருக்கு அதுதான் சுகம். கயாக்கிலும் அலையாத்திக்குள் போகலாம்.

இங்கே வருகிறவர்களுக்கு நான் சொல்கிற எச்சரிக்கை சிலது, பயமுறுத்த அல்ல. கடற்கரையில் மான்சனில் என்று ஒரு மரம், பச்சையாகச் சின்ன ஆப்பிள் மாதிரிக் காய்க்கும், பல இடத்தில் தண்டில் சிவப்பு வளையம் பூசியிருப்பார்கள் அல்லது பலகை வைத்திருப்பார்கள். அதன் பால் தோலைப் பொசுக்கும், காய் கொடிய விஷம். மழை வந்ததென்று அதன் அடியில் ஒதுங்கவே கூடாது, இலையில் சொட்டுகிற தண்ணீரே கொப்புளம் போடும். அடுத்தது ஆறு. அருவிக் குளத்தில் குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இலைதழை அடித்துக்கொண்டு வந்தாலோ அந்த நிமிடமே கரையேறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மலையில் மழை கொட்டியிருக்கும். மூன்றாவது, கார்பே அருவிக்குப் போகிற வழியில் கிராந்த்-எத்தான் என்கிற ஏரி வரும், சுற்றி நடக்க அருமை, ஆனால் இறங்கிக் குளிக்கத் தடை, நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய் காரணம்.

மஞ்சள்குடை

கார்பே என்றதும் சொல்ல வேண்டும். மூன்று அருவியில் இரண்டாவதுதான் எல்லாரும் போவது, 110 மீட்டர் உயரம், வாசலில் கட்டணம் வாங்குவார்கள், அங்கிருந்து சீரான பாதை, இருபது நிமிட நடை, முழங்காலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு பாறைச் சரிவு பயத்தால் அடிவாரம் வரை போக விடுவதில்லை, மேடையிலிருந்து பார்க்க வேண்டும். அடியில் நின்று நனைய ஆசையாக இருந்தால் 115 மீட்டர் முதல் அருவிக்கு நீண்ட நடை போக வேண்டும், சேறு, வேர், ஏற்றம், பாதி நாள் எடுக்கும். 1493இல் கொலம்பஸின் கப்பலில் வந்தவர்கள் கடலிலிருந்தே இந்த அருவியைப் பார்த்துக் குறித்து வைத்தார்களாம்.

தாம்பரம் எக்ஸ்பிரஸ்

இழையை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சென்னையிலிருந்து பாரீஸ் வருகிறோம், ஷெங்கன் விசா இருக்கிறது. அப்படியே குவாதலூப் போய்வரலாம்தானே, அதுவும் பிரான்ஸ்தானே?

காரைக்கால் காற்று

பிரான்ஸ்தான், 1946 முதல் பிரெஞ்சு மாவட்டம், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசா இங்கே செல்லாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த மாவட்டங்களுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். கையில் இருப்பதை நம்பி ஓர்லிக்குப் போனால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

தாம்பரம் எக்ஸ்பிரஸ்

ஐயோ. நன்றி சார், டிக்கெட் போடவில்லை, பிழைத்தேன்.

பனிக்காலப் பறவை

கார்பே போகிறவர்கள் கப்பெஸ்தேர் வழியாகத்தான் போவார்கள், சாலையோரத்திலேயே ஷாங்ஜி மாரியம்மன் கோயில் இருக்கிறதே. நாங்கள் போனபோது வண்டியை நிறுத்திப் பார்த்தோம். வர்ணம் பூசிய சிலைகள், நம்மூர் எல்லைக்கோயில் சாயல். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தோம். காற்று அண்ணாவுக்குத் தெரிந்திருக்கும்.

காரைக்கால் காற்று

அங்கே யாராவது இருந்தால் வணக்கம் சொல்லிக் கேளுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். வணக்கம் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் இந்தத் தீவில் எங்கேயும் பதில் வராது, கடையாக இருந்தாலும் சரி, கோயிலாக இருந்தாலும் சரி. பூஜை நடக்கும்போது படம் பிடிக்காதீர்கள், ஆடு சேவல் பலியும் உண்டு, சிலருக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஒப்பந்தத்தில் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் வந்தார்கள், ஏராளமானவர்கள் திரும்பவே இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இப்போது கோயில் நடத்துகிறார்கள். மாரியம்மனும் மதுரைவீரனும் அவர்களோடு வந்தவர்கள். தமிழ் பேச வராது, சாமி பாட்டில் மட்டும் தமிழ் இருக்கும். நம்மைப் பார்த்ததும் எந்த ஊர் என்று கேட்பார்கள், தங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி இது தமிழ்ப்பெயரா என்று கேட்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள், அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடும் இடம் இல்லை.

மதியம் அங்கேயே எங்காவது ஆட்டுக் கொலொம்போ சாப்பிடுங்கள், இந்த ஊர்க் கறிக்குழம்பு. மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம் எல்லாம் இருக்கும், காரம் இருக்காது. காரம் வேண்டுமென்றால் தனியாக மிளகாய் கேளுங்கள், இந்த ஊர் மிளகாய் நம்மையே அழவைக்கும்.

சேன்நதிக்கரை

சரி உறவுகளே, எல்லாவற்றையும் வைத்து இப்படி யோசித்திருக்கிறோம், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். இறங்கியதும் இரண்டு மூன்று நாள் கோசியேயில் சும்மா கிடப்பது, களைப்புத் தீரட்டும். பிறகு தேஏ போய் மலாந்தூர், காடு, கடைசியில் எரிமலை, அங்கிருந்து லே சாந்தில் ஓர் இரவு, மறுநாள் நேராக விமான நிலையம். பெத்தித்-தேரை விட்டுவிட்டோம், மனைவிக்குப் பஸ்ஸிலேயே தலைசுற்றும்.

மஞ்சள்குடை

தலைகீழாக்குங்கள் தம்பி. குளிர்காலத்தில் பாரீஸுக்கும் அங்கேக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். முதல் சில நாள் விடியற்காலை மூன்று நாலு மணிக்கே இருவருக்கும் கண் திறந்துவிடும். எரிமலை ஏறுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது, அலாரமே வேண்டாம். மேகம் பத்து மணிக்கு மேல்தான் கெட்டியாகக் கூடும், அதற்குள் உச்சியில் நின்றுவிடலாம். கடைசி நாட்களுக்கு வைத்தால் உடம்பு ஊர் நேரத்துக்குப் பழகி, ஒன்பது மணிக்குச் சோம்பல் முறித்துக்கொண்டு புறப்படுவீர்கள், மழையும் கூட்டமும்தான் மிஞ்சும். தவிர, முதல் முயற்சியில் மேகம் மூடியிருந்தால் இன்னொரு நாள் முயன்று பார்க்கக் கையில் நாள் இருக்க வேண்டும்.

பனிக்காலப் பறவை

கப்பலில் திரும்பி அதே நாளில் விமானம் பிடிப்பதும் வேண்டாம். கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. லே சாந்தை நடுவில் வையுங்கள், பாஸ்-தேரை முடித்துவிட்டு, கிழக்கே போவதற்கு முன்.

மணல்வீடு

ஆக, கடைசி நாட்கள் சான்த்-ஆனில்! நான் முதலிலிருந்தே சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். பாரீஸ் விமானங்கள் பெரும்பாலும் சாயங்காலம்தான் கிளம்பும், அதனால் கடைசி நாளும் பாதி கடலில் கழிக்கலாம். ஒரு நாள் மட்டும் கிழக்கு முனை புவாந்த் தே ஷாத்தோ போங்கள், சூரியன் உதிக்கும் நேரத்தில். குன்றின் மேல் சிலுவை, எதிரே தெசிராத் தீவு, இரண்டு பக்கமும் கடல் மோதும். குளிக்கிற இடம் அல்ல, நீரோட்டம் இழுத்துவிடும், பார்க்க மட்டும். வடக்கே கிராந்த்-விஜி முனையில் செங்குத்துப் பாறைகள், பளிச்சென்ற நாளில் ஆன்டிகுவா தீவு வரை தெரியும் என்பார்கள்.

கிழக்குக் கரையில் சில சமயம் சர்காசம் பாசி ஒதுங்கி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது வருடத்தின் நடுவில்தான் அதிகம். அப்படி ஒதுங்கியிருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போர்-லூயி பக்கம் போய்விடுங்கள், அந்தக் கரைக்கு அது அவ்வளவாக வராது.

சேன்நதிக்கரை

மனைவி பக்கத்திலிருந்து சொல்கிறார், மஞ்சள்குடை அக்காவுக்கு ஒரு நன்றி எழுதச் சொல்லி. கோசியே ஓட்டலை விட்டுவிட்டோம், முன்பணம் கட்டவில்லை. முதல் பாதிக்குப் புயாந்தில் ஒரு வீடு பார்த்துவிட்டோம், சமையலறையோடு. அண்ணா, அங்கே குழாய்த் தண்ணீர் அடிக்கடி நிற்கும் என்று யாரோ எழுதியிருந்தார்கள், உண்மையா? பெப்ரவரியில் கார்னவால் வேறு வருகிறதாமே, பாதை மறிப்பார்களா?

காரைக்கால் காற்று

தண்ணீர் நிற்பது உண்மை, பழைய குழாய்கள், முறை வைத்து விடுகிற ஊர்கள் இருக்கின்றன. கிராந்த்-தேரில்தான் தொல்லை அதிகம். வீட்டில் தொட்டி இருக்கிறதா என்று உரிமையாளரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

கார்னவால் ஜனவரியில் தொடங்கிச் சாம்பல் புதன் வரை ஞாயிறுதோறும் ஏதாவது ஓர் ஊரில் ஊர்வலம், கடைசி நாட்களில் புவாந்த்-ஆ-பீத்ரிலும் பாஸ்-தேர் நகரிலும் பெரிதாக இருக்கும். ஆட்டுத்தோல் பறை, சங்கு, சாட்டை எல்லாம் கொண்டு வரும் கூட்டங்கள் உண்டு, கால் தானாக ஆடும். பாதை மறிக்கத்தான் செய்வார்கள், அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் நகரத்தைக் குறுக்கே கடக்கும் திட்டம் வேண்டாம். பார்க்கப் போகிறீர்கள் என்றால் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

வண்டி எடுக்கும்போது சின்னதாக எடுங்கள், கியர் வண்டியே மேல், பாஸ்-தேர் ஏற்றத்தில் சின்ன ஆட்டோமேட்டிக் முக்கும். பான் ஜோனில் நிறுத்த இடம் குறைவு, ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.